பிடித்தம் இல்லை

எங்கள் சலவைக்கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு. தெருவில் யாரும் அதைப் படிப்பதில்லை. "கறார்க்காரி கடை" என்றால்தான் தெரியும். கறார்க்காரி என் அக்கா. ஒரு பொத்தான் உடைந்தாலும் வாடிக்கையாளர் வீட்டுக்குத் தானே போய்ச் சொல்லிவிடுவாள். காசு குறைக்கச் சொன்னால் மட்டும் காது கேட்காது.

சம்பள வரி விதி மாறியதும் அவளுக்குத் தூக்கம் போயிற்று. அதுவரை சின்னக் கடைகளுக்கு விலக்கு இருந்தது. இனி ஒரே ஆள் வேலை செய்தாலும் அவர் சம்பளத்தில் ஒரு பங்கைப் பிடித்து, முதலாளி தன் பங்கையும் சேர்த்துக் கட்ட வேண்டும். ஆள் முடியாமல் படுத்தால் அதிலிருந்து உதவி வரும்.

கணக்கர் ஃபோனில் வழி சொன்னார். "உங்க இஸ்திரிக்காரரையும் துவைக்கிற ரெண்டு பேரையும் சம்பள ஆளாக் காட்டாதீங்க. அப்பப்போ வந்து போறவங்கன்னு எழுதிட்டா உங்க பங்கு மிச்சம்."

"அதெல்லாம் எனக்குப் பிடித்தம் இல்ல" என்று ஃபோனை வைத்தாள் அக்கா.

நீராவிக்கு அந்தப் பக்கம் நின்ற இஸ்திரிக்காரர் காதில் கடைசி இரண்டு வார்த்தைதான் விழுந்தது. "நமக்குச் சம்பளத்துல பிடித்தம் இல்லையாம்!" என்று துவைக்கிற இருவரிடமும் சொல்லிவிட்டார். அந்தத் தெம்பில் மகளைக் கணினி வகுப்பிலும் சேர்த்துவிட்டார்.

சம்பள நாளில் உறை மெலிந்திருந்தது. மனுஷன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தார்.

"பிடித்தம் இல்லன்னு உங்க வாயாலதானே சொன்னீங்க? எதிர்க்கடையில முழுசாக் கையில தர்றாங்க. நான் கிளம்பறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவரைக் கணக்கில் வைக்கத்தானே அக்கா கைக்காசைப் போட்டு அழுகிறாள்! கணக்கர் சொன்னதை நான்தான் போட்டு உடைத்தேன்.

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "கடை திறந்த அன்னிலேர்ந்து நிக்கறேன். நான் வந்து போறவனா?"

"அதான் எனக்குப் பிடிக்கலைன்னேன்" என்றாள் அக்கா. "ஆனா உங்களை உக்கார வச்சு முன்னாடியே சொல்லியிருக்கணும். தப்புதான். இந்த மாசம் உங்க மூணு பேர் பங்கையும் நானே கட்டறேன். அடுத்த மாசம் பிடிப்பேன். சல்லிக்காசு விட மாட்டேன்."

சட்டைக்குச் சலவைக் கூலியை ஏற்றினாள். எங்களிடம் துணி போடும் விடுதியின் மேலாளர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். "ஏத்தினது ஏத்தினதுதான்" என்றாள். அந்த மாதம் தனக்கென்று அவள் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அழுகையே வந்தது.

அடுத்த சம்பள நாள். இஸ்திரிக்காரர் உறையைப் பிரித்து, விரலை நனைத்து நனைத்து எண்ணினார்.

"என்ன, குறையுதா?" என்றாள் அக்கா.

"சரியாத்தான் குறையுது" என்று சொல்லிவிட்டு, விடுதிக்காரர்களின் தலையணை உறையை விரித்துப் போட்டார்.