மூடி போட்ட இருட்டு

தொலைநோக்கி நிலையத்தில் அவளுடைய வேலை, எடுத்து வந்த வானப் படங்களைத் துடைத்துச் சுத்தமாக்குவது. திரையில் கறுப்பாகத் தெரிவதை அவள் நம்பமாட்டாள். சுட்டியை ஒரு புள்ளியின் மேல் வைத்தால் மூலையில் ஓர் எண் வரும். அங்கே எவ்வளவு ஒளி விழுந்தது என்று சொல்லும். வெற்று வானம் இருநூறை ஒட்டி ஆடும்.

அன்று காலை ஓரிடத்தில் நூற்றறுபது வந்தது. வெற்று வானத்தைவிடக் கறுப்பாக ஒரு பள்ளம். வேறு திசையில் எடுத்த படத்தைத் திறந்தாள். அதே இடத்தில் அதே பள்ளம். வானத்தில் எங்கே போனாலும் கூடவே வந்தது.

"என்ன அண்ணி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றார் பக்கத்து மேசைக்காரர், அவள் கணவரின் பழைய கூட்டாளி.

"இருட்டுப் படத்துல ஏதோ கோளாறு."

தொலைநோக்கிக்கு மூடி போட்டு எடுப்பது இருட்டுப் படம். கேமராவின் சொந்தக் கறை மட்டும் அதில் விழும். வானப் படத்திலிருந்து அதைக் கழித்துவிடுவார்கள். இப்போது கழிப்பது, அவள் கணவர் கடைசி இரவில் எடுத்த படங்களின் சராசரி.

"மூடாம எடுத்தா நட்சத்திரம் விழும், கழிச்சா பள்ளம் வரும். ஆனா எடுத்தது நம்ம மூடிக்காரராச்சே. டீ கிளாஸைக்கூடத் திறந்து வைக்க விடமாட்டாரே மனுஷன்."

உண்மைதான். அவள் திறந்துபோட்டதையெல்லாம் பின்னாலேயே வந்து மூடுவார். அந்தக் கடைசி இரவு விடிந்தபோது நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். தொலைநோக்கிக்கு மூடி போட்டிருந்தது. வரிசையாகத் தானே படமெடுக்கும் பொத்தானை அழுத்திய கையோடு உயிர் போயிருக்கிறது, ஒரு நொடிதான் என்றார் டாக்டர். அந்த ஒரு நொடியைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நடமாடினாள். மகளுக்கும் அதையே சொல்லியிருந்தாள்.

படங்களைத் தனித்தனியாகத் திறந்தாள். ஒவ்வொன்றும் பத்து நிமிடம். கண்ணுக்கு எல்லாமே கறுப்பு. முதல் நான்கில், பள்ளம் இருந்த இடத்தில் எண் எகிறியது: நட்சத்திரம். ஆறாவதிலிருந்து எண் சட்டென்று இறங்கி, கடைசிவரை அசையவில்லை. இடையில் ஐந்தாவதில் மட்டும் அந்த நட்சத்திரம் பாதியாகத் தேய்ந்திருந்தது.

அது பாதி ஓடும்போதுதான் அவர் எழுந்து போயிருக்கிறார். அதுவரை, முக்கால் மணி நேரம், எழ முடியாமல் இருந்திருக்கிறார். மூடிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறார். போன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"எல்லாத்தையும் தூக்கிட்டுப் புதுசா எடுத்துடலாமா அண்ணி?"

"முதல் அஞ்சை மட்டும் தூக்கினா போதும். மீதி சுத்தமா இருக்கு."

"என்னவாம்?"

"ஒண்ணுமில்ல. ஆரம்பத்துல கேமரா சூடு ஆறியிருக்காது."

ஐந்தையும் அழித்துவிட்டுப் புதிதாகக் கழித்தாள். பள்ளம் இல்லை. மகளிடமும் இனி அந்த ஒரு நொடிதான்.

காலையில் திறந்தே வைத்திருந்த டீயை எடுக்கக் கை நீட்டினாள். கிளாஸின் மேல் மூடி இருந்தது.

"நீங்களா மூடுனீங்க?"

"நானா? வந்ததுலேருந்து நான் நாற்காலியை விட்டே எழலையே."