மார்ட்டினின் கோட்டு

கதவுக்குப் பின்னால் அடித்திருக்கும் ஆணிகளில் ஆண்பிள்ளைக் கோட்டுகள் வரிசையாகத் தொங்கும். ஹனோரா டூஹி அவற்றை ஒவ்வொன்றாகப் பிரஷ்ஷால் தட்டிக்கொண்டிருப்பாள். நீதிமன்றத்துப் படிகளைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்ததும் முதல் வேலை அதுதான். கையிலிருந்து சலவைச் சோடா நெடிகூடப் போயிருக்காது. ஆனால் அந்தக் கோட்டுகளைப் போட்டுக்கொண்டு யாரும் வெளியே போவதில்லை. போடுவதற்கு ஆட்கள் கிடையாது.

லூக் கீனன், பியர்ஸ் டாட், அன்டன் ஹெஸ் என்ற மூவர் அவளுடைய ஒற்றை அறையில் குடியிருப்பதாக வார்டு வாக்காளர் பட்டியலில் பதிவு இருந்தது. தேர்தல் வந்தால் எங்கிருந்தோ மூன்று பேர் வந்து அந்தப் பெயர்களில் ஓட்டுப் போட்டுவிட்டு மறைந்துபோவார்கள். கோட்டுகளைக் கொண்டுவந்து மாட்டியவர் கட்சியின் வார்டு கேப்டன் கான் ஹன்ராட்டி. நீதிமன்ற வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவரே.

"யாராவது வந்து விசாரிச்சா, வேலைக்குப் போயிருக்காங்கன்னு சொல்லுங்கக்கா. அவ்வளவுதான். பரீட்சையா எழுதச் சொல்றேன்?"

ஹனோராவுக்கு அது பரீட்சையைவிட மோசம். பயத்தில் அவர் கேட்டதற்கு மேலேயே தயார் செய்து வைத்திருந்தாள். கீனனுக்கு முட்டைக்கோஸ் ஒத்துக்கொள்ளாது. டாட் புகையிலை மென்று ஜன்னல் வழியாகத் துப்புவான், எத்தனை சொன்னாலும் கேட்கமாட்டான். ஹெஸ் ஜெர்மன்காரன், ஞாயிற்றுக்கிழமையானால் அக்கார்டியனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். மாடிப்படியில் பழக்கமில்லாத காலடி கேட்டால் போதும், அவள் உதடுகள் இதையெல்லாம் தானாக முணுமுணுக்கத் தொடங்கும். காலடி மேல்மாடிக்குப் போன பிறகுதான் நிற்கும்.

பக்கத்து அறை டீலியா முன்பெல்லாம் கிண்டல் செய்வாள். "ஏண்டி நோரா, மூணு ஆம்பளைய வெச்சுக்கிட்டு நீ எதுக்குடி வாளிய சுமக்குறே? அந்த ஜெர்மன்காரனையாவது எங்கிட்ட அனுப்பு."

"மெதுவாப் பேசித் தொலைடி. படியில யாரோ வர்றாங்க."

இப்போது டீலியா கிண்டல் செய்வதில்லை. ஓட்டுச் சீட்டு கட்சிக்கு ஒரு நிறம். அதை எல்லார் கண்ணிலும் படும்படி உயர்த்திப் பிடித்துக்கொண்டுதான் பெட்டிவரை நடக்க வேண்டும். போன தேர்தலில் டீலியாவின் புருஷன் வேறு நிறச் சீட்டைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டான். தெருக்கூட்டும் வேலை போயிற்று. பனிக்காலத்தில் கட்சியின் கரி வண்டி எல்லா வாசலிலும் நின்றது, அவர்கள் வாசலில் மட்டும் நிற்கவில்லை. யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. வண்டி பாட்டுக்குத் தாண்டிப் போயிற்று. டீலியாவின் கைக்குழந்தை அந்தப் பனியைத் தாங்கவில்லை. அந்தச் சக்கரங்களின் சத்தம் ஹனோராவின் காதில் இன்னும் உருண்டுகொண்டிருந்தது.

நாலாவது ஆணியில் தொங்குவது மட்டும் நிஜமான ஆள் போட்ட கோட்டு. அவள் புருஷன் மார்ட்டினுடையது. நியூயார்க் துறைமுகத்தில் பீப்பாய் உருட்டும்போது அவனுடைய வலது கைப் பெருவிரல் நசுங்கிப் போய்விட்டது. மிச்சமிருந்த நாலு விரலால் தேநீர்க் கோப்பையைப் பிடிக்கப் பழகிக்கொண்டான், பித்தானோடு மட்டும் ராசியாக முடியவில்லை. விடியற்காலையில் அவன் மோவாயைத் தூக்கி உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அவள் கீழிருந்து மேலாகப் போட்டுக்கொண்டே வருவாள். கழுத்துப் பித்தானுக்கு வரும்போது, "மெதுவாடி, நான் என்ன மூட்டையா?" என்பான். தினமும் அதையேதான் சொல்வான்.

பிப்ரவரியில் மார்பில் சளி கட்டி இறந்துபோனான். அடக்கத்தை ஹன்ராட்டிதான் நடத்தினார். பித்தளைப் பிடி வைத்த பெட்டி, கறுப்பு இறகு சூடிய குதிரைகள். பாதி வார்டு பின்னால் நடந்தது. கல்லறையில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றவர் கண்ணில் நிஜமாகவே நீர் இருந்தது. ஹனோரா அதை மறக்கவில்லை. ஜெபத்தில் அவர் பெயரையும் சேர்த்துத்தான் சொல்வாள்.

தேர்தலுக்கு முந்தின வாரம் ஹன்ராட்டி கோட்டுகளைப் பார்வையிட வந்தார். நாலாவதைத் தடியால் தொட்டு, "இது யாரோடதுக்கா?" என்றார்.

அந்தக் குரலே போதுமானதாக இருந்தது. மனப்பாடம் செய்த நாக்கு தானாகவே ஓடியது. "மார்ட்டினோடது... வேலைக்குப் போயிருக்காரு."

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள். ஹன்ராட்டி சிரிக்கவில்லை. கோட்டின் கையைத் தடியால் தூக்கிப் பார்த்தார்.

"நல்லாத்தான் சொன்னீங்க. பட்டியல்ல அவரு பேரை இன்னும் யாரும் அடிக்கலை. இருந்துட்டுப் போகட்டுமே."

"ஐயோ தம்பி, அவரு செத்துட்டாருங்களே!"

"எனக்கா தெரியாது? அடக்கம் பண்ணினவனே நான்தானே."

கோட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பினார். "ஒருவேளை ஓட்டுப் போடுற இடத்துக்கு உங்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டா, வேதப் புத்தகத்தை முத்தம் பண்ணச் சொல்லுவாங்க. பெருவிரலை அட்டை மேல நீட்டி வெச்சு, அந்த விரலை முத்தம் பண்ணிடுங்க. புத்தகத்துல உதடு படலைன்னா அது சத்தியமே இல்ல. ஆண்டவர் கணக்குல வராது. நம்ம ஆளுங்க எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க." பிறகு, போகிற போக்கில், "இந்த வருஷம் பனி ஜாஸ்தின்னு சொல்றாங்கக்கா" என்றார்.

அதன்பின் சோப்புக் கட்டியை எடுத்தாலும் ரொட்டியை எடுத்தாலும் அவளுடைய பெருவிரல் தனியாக நீட்டிக்கொண்டு நின்றது.

தேர்தலன்று கூப்பிட ஆள் வந்தது. ஓட்டுச்சாவடியாக்கிய குதிரை லாயத்தில் சாணத்தை ஒதுக்கி மேஜை போட்டிருந்தார்கள். மேஜைமேல் கண்ணாடி உருண்டையாக ஓட்டுப் பெட்டி. சுருட்டுப் பிடிக்கும் ஆண்களுக்கு நடுவில் அவள் ஒருத்திதான் பெண். எதிர்க்கட்சிக் கண்காணிப்பாளர் தாக்ஸ்டர் கத்திக்கொண்டிருந்தார்.

"மார்ட்டின் டூஹியோட சாவு ஊர்வலத்தை நானே பார்த்தேன்! கறுப்பு இறகு வெச்ச குதிரை!"

தூணில் சாய்ந்திருந்த ஹன்ராட்டி மோதிரத்தால் மரத்தை டக் டக்கென்று தட்டிக்கொண்டிருந்தார். "அது வேற டூஹியா இருக்கும் சார். எங்க வார்டுல டூஹிக்கா பஞ்சம்? இதோ, சம்சாரமே வந்தாச்சு. கேட்டுக்குங்க."

மேஜைக்கு முன்னால் மார்ட்டினின் கோட்டு நின்றது. உள்ளே ஒரு வாலிபன், அரும்புத் தாடி. வலது கையைப் பாக்கெட்டை விட்டு எடுக்கவே இல்லை. அவளைப் பார்த்துப் பதறிப்போய், "வாங்கக்கா" என்று சொல்லிவிட்டான்.

"பொண்டாட்டிய அக்காங்கிறான்டா!" என்று யாரோ கத்த, லாயமே சிரித்தது. குதிரைகள் மிரண்டு காலை உதைத்தன.

ஹனோராவுக்குச் சிரிப்பு எதுவும் காதில் விழவில்லை. மோதிரச் சத்தம் மட்டும் கேட்டது. டக், டக். வெளியே தெருவில் ஒரு வண்டி உருண்டு போயிற்று. கரி வண்டியாக இருக்குமோ?

அதிகாரி புத்தகத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "முதல்ல சத்தியம் பண்ணும்மா. அப்புறம் இவர் உன் புருஷனான்னு சொல்லு."

"பண்ணுங்கக்கா," என்றார் ஹன்ராட்டி, மிக மிருதுவாக.

புத்தகத்தை எடுத்தாள். சொல்லிக் கொடுத்தபடியே பெருவிரல் தோலட்டைமேல் நீண்டு கிடந்தது. குனிந்தபோது கோட்டு கண்ணுக்கு நேராக வந்தது. பித்தான்கள் எல்லாம் போட்டிருந்தன. கழுத்துப் பித்தான்கூட. யார் உதவியும் இல்லாமல், கோணலே இல்லாமல், அந்த வாலிபன் தானாகவே போட்டுக்கொண்டது.

டக், டக் என்றது மோதிரம்.

ஹனோரா பெருவிரலை மெல்ல மடக்கி உள்ளங்கைக்குள் ஒளித்துக்கொண்டாள். மிச்சமிருந்த நாலு விரலால், மார்ட்டின் கோப்பையைப் பிடிப்பதுபோல, புத்தகத்தை இறுக்கிப் பிடித்து உயர்த்தினாள். வெறும் அட்டைமேல் உதடுகளை அழுத்தினாள். தூணில் மோதிரச் சத்தம் நின்றுபோயிற்று.