பத்து முட்டி தயிர்

நாலு மண் முட்டி தயிர் போன கடையில் பத்து முட்டி போகத் தொடங்கினால் அதை யாராவது கெட்ட சகுனம் என்று நினைப்பார்களா, மங்களம்? நான் நினைக்கவில்லை. கடைக்குச் சனம் கூடுகிறது, தம்பியின் கைராசி பலிக்கிறது என்று அம்மன் படத்துக்கு ஒரு விளக்குக் கூட ஏற்றினேன்.

மங்களம் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. தம்பியின் முதலாம் வருஷ ஆட்டைத் திவசத்துக்கு என்னென்ன கறி வைப்பது என்று கதைக்க வந்தவளிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் என் மகள் கொப்பியும் பேனையுமாக வந்து பக்கத்தில் இருந்தாள். மாமாவின் நினைவு மலருக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும் அம்மா, மங்களம் அக்காவுக்குச் சொல்வது போலவே சொல்லுங்கள், நான் எழுதுகிறேன் என்றாள். பேனை பிடிக்கத் தெரியாத எனது கதை அச்சில் வரப்போகிறது. பேரப்பிள்ளைகள் எனக்கே வாசித்துக் காட்டுவார்களாம். சந்தோஷம் தாங்கவில்லை, ஆகையால் கதை அங்குமிங்கும் ஓடினால் நீங்கள் எல்லோரும் பொறுத்துக்கொள்ள வேண்டும். மகள் ஒரே ஒரு கட்டளை போட்டிருக்கிறாள். சபைக்குப் போகிற புத்தகத்தில் தம்பியை ‘அவன்’ என்று சொல்லக்கூடாதாம். சரி, அவர்.

தம்பி பிறந்தது திருகோணமலைச் சல்லியில், முத்துமாரியம்மன் கோயிலுக்குக் கிட்ட. எனக்கு ஆறு வயது இளையவர். ஐயாவுக்குத் தோணித் தொழில். ஆனால் தம்பிக்குத் தோணியில் கால் வைத்தாலே தலை சுற்றும். ஐயா இரண்டு தரம் கடலுக்குக் கொண்டுபோனார். இரண்டு தரமும் வாந்தியோடு திருப்பிக் கொண்டுவந்து அம்மாவிடம் ஒப்படைத்தார். “இவனைக் குசினியில வச்சிரு” என்று ஐயா அடுப்படியைக் காட்டிச் சொன்னது நக்கலுக்கு. அது அப்படியே பலித்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் நக்கலுக்குச் சொன்னதெல்லாம் பலிக்கும். அதனால் நான் இப்போது நக்கல் அடிப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

சண்டைக் காலத்தில், கடலைக் கண்டாலே நடுங்குகிற அந்தப் பிள்ளையையும் படகில் ஏற்றிக்கொண்டுதான் இராமேஸ்வரத்தில் போய் இறங்கினோம். அகதி முகாமிலிருந்து மதுரைக்கு வேலை தேடிப்போய், ஒரு சைவக் கடையில் அண்டா கழுவினார். ஏழு வருஷம் முடியும்போது அதே கடையில் சாம்பார் வைக்கிறவர் அவர்தான். அங்கிருந்து இரண்டு பழக்கங்களைக் கொண்டுவந்தார். சமைத்ததை அம்மனுக்குப் படைக்கும் முன் நாக்கில் படவிடமாட்டார். உப்பைக் கரண்டியால் அளக்கமாட்டார். வலக்கையால் அள்ளுவார், கையைக் கொஞ்சம் தூக்கிக் கனம் பார்ப்பார், போட்டுவிடுவார். “கைக்குத் தெரியும், அக்கா” என்பார். முப்பது வருஷம் அந்தக் கைக்குத் தெரிந்துதான் இருந்தது.

ஊருக்குத் திரும்பி வந்து, துறைமுகத்துக்குப் போகிற வீதியில் எட்டு மேசை போட்டுக் கடை திறந்தார். காலையில் தோசை, பகலில் இலைச் சாப்பாடு. போர்டில் என்ன பெயர் எழுதியிருந்ததோ எனக்குத் தெரியாது, சனம் ‘இந்தியன் கடை’ என்றுதான் சொன்னது. துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள், கோணேசர் கோயிலுக்கு வருகிறவர்கள், நிலாவெளிக்குக் குளிக்கப் போகிற வெள்ளைக்காரர்கள் எல்லோரும் வருவார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண் இலையில் வைத்த ஊறுகாய் முழுவதையும் ஒரே வாயில் போட்டு, கண்ணால் தண்ணீர் ஓட ஓட, இன்னும் கொஞ்சம் கேட்டாள். சீனக்குடாப் பக்கம் வேலைக்கு வந்த இந்தியப் பொறியியலாளர் ஒருவர், முதல் நாள் ரசத்தைக் குடித்துவிட்டுத் தாயை வீடியோவில் கூப்பிட்டு, இவர்தான் வைத்தவர் என்று தம்பியைக் காட்டினார். அந்த அம்மா அங்கிருந்து கும்பிட்டார். தம்பியும் கரண்டியோடு கும்பிட்டார். இன்னொருவர், கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்ற மாஸ்டர். மூலைக் கதிரை அவருடையது. வேறு யாரும் அதில் இருந்தால் எழும்பும்வரை நின்று காத்திருப்பாரே தவிர வேறு கதிரையில் இருக்கமாட்டார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போகும்போது தினமும் ஒரே சொல், “இண்டைக்கும் அமிர்தம்.”

எனக்கு அங்கே வேலை இலை எடுப்பதும் வாயடிப்பதும். எடுத்த இலைகளைப் பின்வளவில் போட்டால் மான்கள் வந்து தின்னும். திருகோணமலை டவுனில் மான்கள் ஆட்டுக்குட்டிகளைப்போல வீதியில் திரியும் என்பதை வெளிநாட்டில் பிறந்த எங்கள் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலே சொல்லவேண்டும். தம்பிக்கும் எனக்கும் பிரஷர். அவருடைய மனைவி, என் மச்சாள், கண்மூடிய பிறகு அவருக்கும் சேர்த்து நான்தான் வீட்டில் உப்பில்லாத கறி வைத்தேன். கடைப் பரபரப்பு அடங்கிய பிறகு நாலு மணிக்கு இருவரும் அதைத்தான் சாப்பிடுவோம். எத்தனையோ ஆயிரம் பேர் சாப்பிட்ட அந்தக் கடைச் சோற்றை நாங்கள் இரண்டு பேரும் வருஷக்கணக்காக வாயில் வைத்ததில்லை.

அவர் படுக்கையில் விழுவதற்கு மூன்று மாதம் முந்தியே எல்லாம் தொடங்கிவிட்டது. இரண்டு மூன்றாக வந்த மான்கள் ஏழெட்டாக வந்தன. முந்தி இலையைத் தின்றவை இப்போது முதலில் இலையை நக்கின, ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு நக்கின. பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷம், தெரியுமா? மேசைத் தண்ணீர்க் குவளைகளை இரட்டிப்பாக நிரப்பவேண்டி வந்தது. வெயில்தானே என்றேன். சில நாள் இலை ஓரத்தில் வைத்த உப்பு எல்லா இலைகளிலும் தொடாமல் அப்படியே கிடக்கும். சில நாள் ஒரு பரலும் மிஞ்சாது, மேசை மேசையாக உப்புக் கேட்பார்கள். அதையும் கண்டேன். கண்டு, இலையைச் சுருட்டி எறிந்தேன். தயிர் நாலு முட்டி ஆறாகி, ஆறு எட்டாகி, பத்தில் போய் நின்றது.

தயிர் கொண்டுவருகிறவர் குறிஞ்சாக்கேணி நானா, முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். கிண்ணியாப் பாலம் தாண்டி மோட்டார் சைக்கிளில் முட்டிகளைக் கட்டிக்கொண்டு வருவார். எருமைத் தயிர், முட்டியைக் கவிழ்த்தாலும் விழாது. செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் எங்கள் கடையிலேயே சாப்பிட்டுவிட்டுப் போவார். அந்தச் செவ்வாய்க்கிழமை நாலு வாய் சாப்பிட்டுவிட்டுக் கையை இலையிலேயே வைத்துக்கொண்டார். சோறு பாதிக்கு மேல் கிடந்தது. தம்பி கண்டுவிட்டார், கிட்டப் போய் என்ன நானா என்று கேட்டார்.

“தம்பி, கோவிக்காதீங்க” என்றார் நானா. “நான் தயிர் விக்கிறவன். கூடப் போனா எனக்கு நல்லம்தான். ஆனா சனம் தயிருக்கு ஆசைப்பட்டுத் திங்கல்ல, உப்பு முழுங்க ஏலாமத் திங்குது. போன கிழமை கறியில உப்பே இல்ல. இண்டைக்கு வாயில வைக்க ஏலா. ஒங்கட கையில என்னமோ நடக்குது.”

தம்பி மூலைக் கதிரையைப் பார்த்தார்.

“மாஸ்டர், நீங்கள் சொல்லுங்கோ. உப்போ?”

மாஸ்டர் இலையைப் பார்த்தார். பிறகு ஒரு பிடி சோற்றை எடுத்து எல்லோரும் பார்க்க வாயில் வைத்து விழுங்கினார். “சீச்சீ. அமிர்தம்” என்றார்.

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் நானாவிடம் பாய்ந்தேன். “தயிர் விக்க வந்தனீங்கள், தயிரை வச்சாச்சுத்தானே. போயிட்டு வாங்கோ” என்றேன். நல்ல கடைக்குக் கண்ணூறு போடுகிறார் என்றும் சொன்னேன். மனிதர் கையைக் கழுவினார், துவாயால் துடைத்தார், மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று நாலு மணிக்குச் சாப்பிட வந்த தம்பி, பீங்கான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, கதிரையில் இருந்தபடி கண்ணை மூடி வலக்கையை நீட்டினார்.

“அக்கா, கையில கொஞ்சம் உப்பு வையுங்கோ.”

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே ஒரு பிடி நிறைய வைத்தேன். அவர் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தார். உப்பு விரல் இடுக்கால் மேசையில் கொட்டிக்கொண்டிருந்தது.

“இன்னும் வைக்கேல்லையோ, அக்கா?” என்று கேட்டார்.

மங்களம், இன்றைக்கும் கறிக்கு உப்பு எடுக்கும்போது அந்தக் கேள்வி என் காதில் விழுகிறது.

கண்ணைத் திறந்து கையைப் பார்த்தார். மூன்று மாதமாக விரல்கள் விறைப்பதாகவும், ஈரத்தில் நின்று வேலை செய்வதால் என்று நினைத்ததாகவும் அப்போதுதான் சொன்னார். நாளைக்கே டொக்டரிடம் போவோமா என்று அவரேதான் கேட்டார். வேண்டாம் என்று சொன்னது நான். அந்த வெள்ளிக்கிழமை சல்லி அம்மன் கோயிலில் எங்கள் அன்னதானம். பிறந்த மண்ணுக்குத் தம்பி தன் கையால் சோறு போடப்போகிறார் என்று ஊர் முழுக்க நான் சொல்லி வைத்திருந்தேன். “வெள்ளிக்கிழமை முடியட்டும், தம்பி. சனிக்கிழமை விடிய முதல் வேலையாப் போவம்” என்றேன். அக்கா சொல்லைத் தட்டாத பிள்ளை. ஓம் என்றார்.

அன்னதானத்துக்கு எல்லாவற்றையும் அவர்தான் சமைத்தார். உப்பை மட்டும் என்னைப் போடச் சொன்னார். உப்பு ருசியையே மறந்துபோன ஆள் நான். படையலுக்கு முன் ருசி பார்க்கவும் கூடாது. அம்மனை நினைத்துக்கொண்டு கரண்டியால் அள்ளிப் போட்டேன். பந்தியில் சனம் இருந்து சாப்பிட்டது. நான் வரிசை வரிசையாகப் போய் எல்லோருடைய முகத்தையும் பார்த்தேன். எப்பிடி இருக்கு என்று கேட்டேன். எல்லோரும் நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டு நான் பயந்தது அன்றுதான். யாரை நம்புவது? தயிர் வாளி பந்தியில் எத்தனை தரம் போய் வருகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

சனிக்கிழமை காலை டொக்டரிடம் போகச் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தார். நான் வாசலில் செருப்போடு நின்றேன். “அக்கா, பொத்தான் பூட்ட ஏலாமக் கிடக்கு” என்று உள்ளிருந்து சொன்னது கேட்டது. அவர் முழுதாகச் சொன்ன கடைசிப் பேச்சு அது. நான் உள்ளே போக முன் விழுந்துவிட்டார்.

பாரிசவாதம் என்றார்கள். வலப்பக்கம் முழுக்கப் போய்விட்டது. இரண்டு மாதம் படுக்கை. மாஸ்டர் ஒவ்வொரு நாளும் வந்து கட்டில் காலடியில் நின்றார், கதிரை கொடுத்தாலும் இருக்கவில்லை. ஒருநாள் என்னிடம், “பிழையைப் பிழை எண்டு சொல்லித்தான் இவ்வளவு காலமும் சம்பளம் வாங்கினனான். இவரிட்டச் சொல்ல மட்டும் மனம் வரேல்ல” என்று சொல்லி அழுதார். அவரில் எனக்குக் கோபமில்லை. அன்பால் செய்தது. கடைக்கு வந்த அத்தனை பேரும் அன்பால்தான் உப்பை விழுங்கினார்கள். அதை நினைக்கத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நானா செவ்வாய் தவறாமல் வந்தார். ஒரு சின்ன முட்டித் தயிரைக் கரண்டியால் தானே ஊட்டுவார். “உப்புக் காணுமா, போதுமா, தம்பி?” என்று கேட்பார். சிரிக்கக்கூடிய பாதி முகத்தால் தம்பி சிரிப்பார். ஒரு விடியக்காலை, கோயில் மணி கேட்கிற நேரம், அந்தச் சிரிப்பும் அடங்கியது.

உதவியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் தூக்கிப் புரட்டிப் பார்த்த டொக்டர்மாருக்கும் தாதிப் பிள்ளைகளுக்கும், ஓடிவந்து நின்ற சல்லிச் சனத்துக்கும், கடைப் பூட்டில் பூமாலை கட்டிவிட்டுப் போன துறைமுகத்து ஆட்களுக்கும், வெளிநாட்டிலிருந்து விழுந்தடித்து வந்த எங்கள் பிள்ளைகளுக்கும், இரவு பகல் பாராமல் என்னோடு இருந்த மங்களத்துக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டது. குறிஞ்சாக்கேணி நானாவுக்கு நன்றி போதாது. எட்டு மேசைக்கும் கேட்க அவரை ஏசினேன், இந்த மலரைக் கையில் எடுக்கிற எல்லோருக்கும் கேட்க மன்னிப்பும் கேட்கிறேன். நேரில் போய்க் கேட்டபோது, நீங்க ஏசினது எனக்கு ஞாபகமே இல்லை, அக்கா என்றார். அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும்.

திவசத்தன்று எல்லோரும் வந்து சாப்பிட்டுப் போக வேண்டும். நானாவிடம் நாலே நாலு முட்டிதான் சொல்லியிருக்கிறேன். சாம்பார் உங்கள் வாய்க்குச் சரியில்லை என்றால் அமிர்தம் என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

இன்னும் எவ்வளவோ இருக்கிறது, அந்தப் பொறியியலாளருடைய தாய் பிறகு... மகள், மணக்குதே, அடுப்பில் பருப்புப் பொங்குகிறது போல. உப்புப் போட்டேனா, போடவில்லையா? கொப்பியை மூடு. மங்களம், எழும்பி வா, நீதான் வாயில் வைத்துப் பார்த்து உள்ளதைச் சொல்ல வேண்டும்.