அப்பாவின் மழை டயர்கள்

அப்பாவிடம் ஓர் அம்பாசடர் டாக்சி இருந்தது. அதற்கு இரண்டு செட் டயர்கள். ரோட்டைப் பிடிக்கும் பட்டன் வரிகள் தேயாத நான்கும் மழைக்காலத்துக்கு. ஐப்பசி பிறக்கும் முன் மாட்டிவிடுவார். மொட்டையாகிப்போன நான்கும் கோடைக்கு. காய்ந்த ரோட்டில் நல்ல டயரைத் தேய்ப்பது வீண் என்பது அவர் கொள்கை. ஏற்காட்டில் வேறெந்த டிரைவரும் அப்படிச் செய்யவில்லை என்பதையே அது சரி என்பதற்குச் சான்றாக வைத்திருந்தார்.

எனக்கு எட்டு வயதான கோடையில், சேலத்திலிருந்து ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலையேறினோம். பள்ளி விடுமுறை என்பதால் முன்சீட்டில் நானும் இருந்தேன். பாதி மலையில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு கொண்டை ஊசி வளைவில் அப்பா ஸ்டியரிங்கை ஒடித்தார்; வண்டி திரும்பவில்லை. சறுக்கிக்கொண்டே போய் ஓரத்துச் சுவரில் இடித்து நின்றது. பின்சீட்டில் இருந்த குழந்தை வீறிட்டது. எனக்கோ சேர்வராயன் கோயில் திருவிழாவில் ராட்டினம் சுற்றியது போலிருந்தது.

"இன்னொருக்கா பண்ணுங்கப்பா!" என்று கை தட்டினேன்.

அப்பா இறங்கிப் போய்ச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

மறுநாள் வண்டிக்கு உறை போட்டார். டயர் மாற்றாமல் எடுக்க முடியாது என்றார். அம்மா கொல்லையில் கிடந்த மழை டயர்களைக் காட்டினாள்.

"அது வெயிலுக்கு ஆவாது புள்ள. உருகிப்போயிரும்."

புது டயர் வாங்க பஸ்ஸில் சேலம் போனார், வெறுங்கையோடு வந்தார். மறுபடி போனார். ஒரு கடையில் ரப்பர் பழசு. இன்னொன்றில் பழைய டயருக்கு மேல்ரப்பர் ஒட்டி ரீட்ரெட் செய்ததைப் புதுசு என்கிறார்கள். மூன்றாவதில் டயர் சரி, கடைக்காரர் பேச்சு சரியில்லை. சவாரி கேட்டு வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் போனார்கள். சீசன் முடிந்தது. அம்மா எஸ்டேட்டில் களையெடுக்கப் போக ஆரம்பித்தாள்.

ஆனியில் சாரல் தொடங்கியதும் அம்மா மழை டயர்களை மறுபடி நினைவூட்டினாள். அவற்றில் வெடிப்பு விட்டிருக்கிறது என்றார் அப்பா. நான் போய்த் தடவிப் பார்த்தேன். ஒரு வெடிப்பும் தெரியவில்லை. டயர் பார்க்கும் கண் எனக்கு இல்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் அம்மா வேலைக்குப் போகாமல் என்னைக் கூட்டிக்கொண்டு சேலம் பஸ் ஏறினாள். வளைவுகளில் அவளுக்கு வாந்தி வரும். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தாள். டயர்க் கடைக்காரர் அவளுக்குப் பின்னால் ஆண் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

"மழை, வெயிலு ரெண்டுக்கும் ஆவற டயரா நாலு குடுங்க."

"எல்லா டயரும் ரெண்டுக்கும் ஆவுமுங்கம்மா."

நான்கும் பஸ் கூரையில் ஏறி ஊர் வந்தன. அப்பா ஒவ்வொன்றாக உருட்டினார், நகத்தால் கீறினார், முகர்ந்துகூடப் பார்த்தார். சொல்லும்படி எதுவும் அகப்படவில்லை.

"மாட்டுங்க. சேலம் வரைக்கும் போயிட்டு வந்தரலாம்" என்றாள் அம்மா.

"நீயா? உனக்கு வாந்தி வருமே?"

"வந்தா வந்துட்டுப் போவுதுங்க."

முன்சீட்டில் அம்மா உட்கார்ந்துகொண்டாள். நான் முரண்டு பிடித்தேன், பலிக்கவில்லை. வண்டியில் வாயே திறக்காதவள் அன்று ஓயாமல் பேசினாள். எஸ்டேட்டில் பாம்பு வந்தது, கணக்கெழுதும் ரைட்டர் மரத்தில் ஏறிக்கொண்டது, இந்த வருஷப் பலாப்பழம். அந்த வளைவுக்கு முன் அப்பா ஓரங்கட்டி நிறுத்தினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா பேச்சை விடவில்லை. ரோட்டைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து வண்டி நகர்ந்தது. ஸ்டியரிங்கில் அப்பாவின் கைகள் நடுங்கியதைப் பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தேன். புது டயர் இன்னும் ரோட்டில் படியவில்லை, அதுதான் உலுக்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.