கொண்டக்டர் பரமலிங்கம் சொன்ன கடைசிப் பாகம்

கோப்பாய்ச் சந்தியில் ரீவி நாடகங்களைப் பற்றி யாரும் யாரோடும் வாதாடலாம். பரமலிங்கம் மாமா வந்துவிட்டால் வாதம் அத்தோடு சரி. அவர் வாயைத் திறந்தால் மற்றவர்களுக்கு முறை கிடைக்காது.

மாமாவுக்கு அறுபத்தாறு வயது. அரச பஸ்ஸில் முப்பது வருடம் கொண்டக்டராக இருந்துவிட்டு இப்போது வீட்டோடு வெங்காயத் தோட்டம் செய்கிறார். காலையில் தண்ணீர் இறைத்து முடித்ததும் சந்திக்கு வந்து, பிளேன்ரீ ஆறும்வரை இந்தக்கால நாடகங்களைத் திட்டுவார்.

“உதென்னடா நாடகம்? ஒருத்தி கதவைத் திறக்கிறாள். மூண்டு பக்கத்தாலை முகத்தைக் காட்டுறாங்கள். மூண்டு தரம் இடி இடிக்குது. அவள் உள்ளுக்கை வர அடுத்த கிழமையாகுது. அந்த நேரத்துக்கு என்ரை பஸ் ரெண்டு தரம் அச்சுவேலிக்குப் போய் வந்திடும்.”

அந்த பஸ்தான் அவருடைய பெருமை. நான் பிறப்பதற்கு இரண்டு வருடம் முந்திய கதை இது. அப்போது எங்கள் ஒழுங்கைகளில் பல வீடுகளில் ரீவி கிடையாது. இருந்த வீடுகளிலும் நாடகம் தொடங்கும் நேரம் பார்த்துக் கரண்ட் போய்விடும். மாமாவுக்கு அந்தக் கவலை இல்லை. பஸ் யாழ்ப்பாணத்தில் தரிக்கும் நாட்களில் அவர் குருநகரில் டிறைவர் ஐசாக்கின் வீட்டில் தங்குவார். அங்கே ரீவியும் இருந்தது, கரண்டும் இருந்தது. ‘நாலாம் வாசல்’ என்ற நாடகத்தை அங்கே பார்த்துவிட்டு, மறுநாள் காலை ஏழு பத்து பஸ்ஸில், ஒரு கையில் ரிக்கற் புத்தகமும் மறு கையில் மேல் கம்பியுமாக, ஒரு வரி விடாமல் சொல்லுவார். மாமியாருக்கு ஒரு குரல், மருமகளுக்கு ஒரு குரல், வக்கீலுக்கு இருமல்.

பின்னால் வரும் பஸ் வெறுமையாக வந்தாலும் சனம் இதில்தான் தொங்கியதாம். என் அம்மா உதயகலா அப்போது புத்தூரில் தையல் பழகிக்கொண்டிருந்தா. புத்தூரில் இறங்க வேண்டியவ, நாடகம் முடியவில்லை என்று அச்சுவேலி வரை போய் நடந்து திரும்பிய நாட்களும் உண்டு. ஒரு நாள் செக்கர் ஏறி, புத்தூர் ரிக்கற்றோடு புத்தூரைத் தாண்டி இருந்த ஆறு பேரைப் பிடித்தார். தண்டம் எழுதத் தொடங்கிய நேரம் நாடகத்தில் ஒரு கடிதம் வந்துவிட்டது. அச்சுவேலியில் செக்கர் பேனையை மூடிவிட்டுக் கேட்டாராம்: “அண்ணை, கடிதத்திலை என்ன கிடந்தது?”

கதை இதுதான். மதுரையில் விசாலம் என்று ஒரு தாய். மகன் முரளி கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போகிறான். அவள் நானூற்றுப் பன்னிரண்டு பாகம் வாசலில் நின்று வழி பார்க்கிறாள். “கால் உளையாதோ?” என்று நான் கேட்டதற்கு அம்மா அகப்பையைத் தூக்கினா.

கடைசியில் முரளி வருகிறான். விசாலம் பிட்டு அவித்துக் கொடுக்கிறாள். முதல் வாய் வைத்ததும் அவன் அழுகிறான். மாமா அதைச் சொன்ன திங்கட்கிழமை பஸ் முழுவதும் அழுததாம். எல்லாரையும் விட அதிகம் அழுதவ பொன்மலர் அன்ரி. அச்சுவேலி ஆசுப்பத்திரியில் வேலை செய்தவ. தினமும் முன் சீற்றில் இருப்பவ. அவவின் மகன் ஜெனுஷன் ஏஜென்சிக்காரனோடு வெளிநாட்டுக்குப் புறப்பட்டு எட்டு மாதம், ஒரு சத்தமும் இல்லை. முடிவைக் கேட்ட மூன்றாவது கிழமை சுவிஸிலிருந்து போன் வந்தது. இன்று அந்த ஜெனுஷன் மொட்டைத் தலையும் வண்டி வயிறுமாக வருடத்துக்கு ஒருக்கா வந்து எங்களுக்குச் சொக்கிளேற் தருகிறார்.

இந்த வருடம் எங்கள் சனசமூக நிலைய ஆண்டு விழாவுக்குப் பட்டிமன்றம் வைத்தார்கள். ‘ரீவி நாடகங்களில் தலைசிறந்தவை அக்காலத்தவையா, இக்காலத்தவையா?’ அக்காலத்துக்கு மாமா. இக்காலத்துக்கு என் மச்சாள் தர்சினி. கொரிய நாடகம் பார்த்துப் பார்த்துச் சோற்றைக்கூடக் குச்சியால் தின்னப் பழகியவள். அவளுக்குத் துணையாக என்னைப் போட்டார்கள். மற்றப் பிள்ளைகளுக்குச் சோதனைக்குப் படிக்க இருந்தது. எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையில் அப்போது பேச்சுவார்த்தை இல்லை.

ஆயத்தம் செய்ய அம்மாவிடம் கடைசிப் பாகத்தை மறுபடி கேட்டேன்.

“விசாலம் ஒடியல் பிட்டு அவிச்சுக் குடுத்தவ. முரளிக்கு அதெண்டா உயிர்.”

“அம்மா, மதுரையிலை ஆர் ஒடியல் பிட்டு அவிக்கிறது?”

அம்மா வெங்காயம் உரித்த கையோடு அப்படியே நின்றா. அந்த பஸ்ஸில் வந்த ஒருவருக்கும் பத்தொன்பது வருடமாக இந்தச் சந்தேகம் வரவில்லை. பனங்கிழங்கு காய்ந்தால் ஒடியல், ஒடியலை இடித்தால் பிட்டு. உலகம் முழுவதும் அப்படித்தான் என்று எங்கள் சனத்தின் நினைப்பு.

நான் போனைத் தட்டிப் பார்த்தேன். யாரோ ஒரு புண்ணியவான் நானூற்றுப் பன்னிரண்டு பாகத்தையும் ஏற்றி வைத்திருந்தான். கடைசிப் பாகத்தில் விசாலம் வாசலிலேயே செத்துப்போகிறாள். முரளி செத்தவீட்டுக்குத்தான் வருகிறான். எனக்கு வந்த சந்தோசத்துக்கு அளவில்லை. மாமா ஊரையே ஏய்த்திருக்கிறார்! அந்தத் துண்டை வெட்டி உடனே தர்சினிக்கு அனுப்பினேன். மேடையில் ஸ்பீக்கரில் போட்டு மாமாவைக் கவிழ்ப்பதாகத் திட்டம்.

அடுத்த நாள், அவர் முகம் போகும் போக்கைத் தனியாக ஒருமுறை ரசிக்கலாம் என்று தோட்டத்துக்குப் போய்க் காட்டினேன். வெங்காயப் பிடி கட்டிக்கொண்டிருந்தவரின் கை நின்றது.

“ஆரடா உனக்கு உதைத் தந்தது?”

“போன் தந்தது, மாமா. முடிவை ஏன் மாத்தினனீங்கள்?”

கட்டிய பிடியைக் கீழே வைத்தார். பிறகு வரம்பில் குந்தினார்.

“முன் சீற்றிலை பொன்மலர் இருக்கிறா. பெடியன்ரை சத்தம் இல்லாமல் எட்டு மாசம். அவவுக்கு முன்னாலை நிண்டு, தாய் செத்துப்போனா, பெடியன் பிந்தி வந்தவன் எண்டு என்னைச் சொல்லச் சொல்லுறியோ? வெள்ளிக்கிழமை பாத்தனான். திங்கள் விடியுமட்டும் யோசிச்சனான். முரளி வந்திட்டான் எண்டு நான் சொல்ல, என்னோடை இருந்து பாத்த ஐசாக் நீர்வேலியிலை பிறேக் அடிச்சவன். நிண்ட சனம் முழுக்க முன்னுக்குப் போய் விழுந்தது. திரும்பி என்னைப் பாத்தான். நான் ‘றைற்’ எண்டன். பேசாமல் பஸ்ஸை எடுத்தான். உதை ஒருத்தருக்கும் காட்டிப்போடாதை.”

“நல்ல வேலைதானே செய்தனீங்கள்? பிறகேன் பயப்பிடுறியள்?”

“அவ ரோசமான மனிசியடா. எட்டு மாசமும் ஒருத்தரிட்டையும் ஆறுதல் கேக்காதவ. ஒரு கொண்டக்டர் பாவம் பாத்துப் பொய் சொன்னவன், தான் அதை நம்பி ஒரு பஸ் சனத்துக்கு முன்னாலை அழுதனான் எண்டு தெரிஞ்சா அவவுக்கு எப்பிடி இருக்கும்? அண்டையிலை இருந்து பஸ்ஸிலை ரிக்கற்றைக் குடுத்திட்டுப் பின்னுக்குப் போயிடுவன், ரோட்டிலை அவ எதிரை வந்தா மற்ற ஒழுங்கையாலை போயிடுவன். முகத்தைப் பாத்துக் கதைக்க ஏலாது.”

மாமாவின் கண்ணுக்கு முன்னாலேயே அந்தத் துண்டை அழித்தேன். “அழிச்சாச்சு, மாமா. நீங்கள் பிடியைக் கட்டுங்கோ,” என்று சொல்லிவிட்டு வந்தபோதுதான் தர்சினியின் ஞாபகம் வந்தது.

அவளிடம் ஓடினேன். “போடாதை, தர்சினி.”

“ஏன்?”

ஏன் என்று சொன்னால் பின்னேரத்துக்குள் கோப்பாய் முழுவதற்கும் தெரிந்துவிடும். “சும்மாதான்,” என்றேன்.

“சும்மா எண்டால் சும்மா போ,” என்றாள்.

ஞாயிறு பின்னேரம் மண்டபம் நிறைந்துவிட்டது. நடுவர் செல்வநாயகம் மாஸ்ரர், மேசையில் மணி. பொன்மலர் அன்ரி இரண்டாவது வரிசை. தர்சினி முதலில் எழும்பி வெளுத்து வாங்கினாள்.

“உங்கடை நாடகத்திலை ஒருத்திக்குப் பிள்ளை வயித்திலை வந்தா, அது பிறக்க ரெண்டு வருசம்! எங்கடை நாடகம் பதினாறு பாகத்திலை முடிஞ்சு, அவைக்குக் கலியாணமும் முடிஞ்சிடும்.”

மாமா எழும்பினார்.

“பிள்ளை, நாங்கள் ஒரு நாடகத்துக்கு ஒரு பஸ் சனமாய் அழுதனாங்கள். நீங்கள் காதுக்கை வயரைச் செருகிக்கொண்டு தனிய இருந்து அழுறியள். பக்கத்திலை இருக்கிறவன் உங்களுக்கு வயித்துக்குத்து எண்டு ஓமத் தண்ணி கொண்டு வாறான்.”

மண்டபம் கைதட்டியது. தர்சினி போனை ஸ்பீக்கரில் கொழுவுவதைக் கண்டேன். மேசைக்குக் கீழே கால் விரலால் வயரைப் பிடித்து இழுத்தேன். ஸ்பீக்கர் செத்தது. ஆனால் தர்சினிக்கு ஸ்பீக்கர் ஒரு நகை மாதிரித்தான். இல்லாவிட்டாலும் குறை இல்லை.

“சபையோரே! பரம் மாமா சொன்ன முடிவு பொய்! விசாலம் செத்துப்போட்டா! முரளி வந்தது செத்தவீட்டுக்கு! என்னட்டை ஆதாரம் இருக்கு!”

மாமா சபையைப் பார்க்கவில்லை; இரண்டாவது வரிசையை மட்டும் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தா. அந்தப் பார்வைக்கு அகப்பை எவ்வளவோ மேல்.

பொன்மலர் அன்ரி எழும்பினா.

“இரு பிள்ளை தர்சினி. அது எனக்கு எப்பவோ தெரியும்.”

மாமா கம்பி தேடுகிறவர் மாதிரிக் கையைத் தூக்கி, தூணைப் பிடித்துக்கொண்டார்.

“அந்த வெள்ளிக்கிழமை எனக்கு இரவு வேலை. ஆசுப்பத்திரியிலை ஜெனரேற்றர் ஓடினது. தாதிமாரின்ரை அறையிலை நிண்டு பாத்தனான். திங்கள் பஸ்ஸிலை உவர் அதைச் சொல்லத் தொடங்கினா இறங்கி நடப்பம் எண்டுதான் ஏறினனான். இந்த மனிசன் செத்தவளை எழுப்பிப் பிட்டு அவிக்க விட்டிட்டுது.”

முன் வரிசை சிரித்துவிட்டது. அன்ரியும் சிரித்தா.

“அப்ப…” மாமா தூணை விடாமல் கேட்டார். “அண்டைக்கு நீங்கள் அழுததோ?”

“விசாலத்துக்கு வெள்ளிக்கிழமையே அழுது முடிச்சிட்டன். திங்கக்கிழமை அழுதது, எனக்காண்டி ஒரு நாடகத்தையே புரட்டிப்போட ஒரு ஆள் இருக்கே எண்டு.”

“பிறகேன் எனக்குச் சொல்லேல்லை?”

“நீங்கள் நிண்டால்தானே சொல்லுறதுக்கு! என்னைக் கண்டா ஒழுங்கை மாறிப் போறியள். உந்தாளுக்கு நான் என்ன பிழை செய்தனான் எண்டு நான் நெடுக யோசிக்கிறன்.”

செல்வநாயகம் மாஸ்ரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, தீர்ப்புச் சொல்ல மணியை அடித்தார்.

“நடுவர் அவர்களே,” என்றார் மாமா. “எனக்கு இன்னும் ரெண்டு நிமிசம் மிச்சம் கிடக்கு.”

மேடையை விட்டு இறங்கினார். பெண்கள் பக்கத்துக்குப் போய், ஒரு கதிரையை இழுத்து, பொன்மலர் அன்ரிக்குப் பக்கத்தில் போட்டு இருந்தார். என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கிட்டப் போனபோது அம்மா காதைப் பிடித்து இழுத்துவிட்டா. மாஸ்ரர் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். வடை முடிந்தது. தேத்தண்ணீர் முடிந்தது. கதிரை அடுக்க வந்தவர்கள் அந்த இரண்டையும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் அடுக்கினார்கள்.