பக்கத்துக் கதிரை

நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நான் பொய் சொல்லிப் பிழைக்கிறவன் இல்லை. ரூ பிலிப்-து-ஜிரார் என்ற பிரெஞ்சுத் தெருவில் தேத்தண்ணிக் கடை வைத்துப் பிழைக்கிறவன்.

என் தம்பி ரோமன் இங்கிலாந்தில், பேர்ன்லியில் இருக்கிறான். பருத்தி ஆலைகளால் வளர்ந்த ஊர். ஆலைகள் மூடிவிட்டன. நூறு வருடம் தாண்டிய டேர்ஃப் மூர் உதைபந்தாட்ட மைதானம் மட்டும் இன்னும் நிறைகிறதாம். இங்கே அம்மாவின் செத்தவீடு நடந்த அன்றைக்கும் இவன் மட்ச் பார்க்கத்தான் போனான். அதன்பிறகு எங்களுக்குள் பேச்சில்லை.

போன மாசியில் திடீரென்று ஒரு பெரிய பெட்டி அனுப்பினான். உள்ளே அந்த மைதானத்தின் பழைய மரக் கதிரைகள் இரண்டு, ஒன்றாகப் பூட்டியபடி. ஆள் எழும்பினால் பலகை தானாக மேலே மடங்கும் வகை. “ஒண்டு உங்களுக்கு, மற்றது எனக்கு. வந்து சேர்ந்திருந்து மட்ச் பாப்பம்” என்று ஒரு துண்டில் எழுதியிருந்தான். துண்டை இரண்டு தரம் வாசித்தேன். கடை டிவிக்கு முன்னால் வைத்தேன்.

சனிக்கிழமை பின்னேரம் நாலு மணி. அங்கே மூன்று, ஆட்டம் தொடங்கும் நேரம். கடையில் ஒருவரும் இல்லை. நான் வலப்பக்கக் கதிரையில் இருந்து காலை நீட்டினேன்.

கிறீச்…

இடப்பக்கப் பலகை இறங்கியது. இறங்கியபடியே நின்றது.

ஈரக் கம்பளி மணம்… புகையிலை மணம்… பக்கத்தில் யாரோ மெதுவாக மூச்சு விட்டார்கள்.

ரோமன் செத்துப்போனான் என்று நினைத்தேன். சொன்னபடி என்னிடம் வந்துவிட்டான் என்று அழுதேன். அவனுக்குப் போன் எடுத்தேன்.

அவனே பேசினான்.

“அண்ணை, பலகை இறங்கினதோ?”

“ஓம்.”

“பக்கத்துக் கதிரையில நீங்கள் இருந்தனீங்களோ?”

“ஓமடா. ஏன்?”

நீண்ட பெருமூச்சு.

“ரெண்டு வருஷமா எனக்குப் பக்கத்தில இருந்தவர். இனி உங்களோடதான்.”

வைத்துவிட்டான். கூடப்பிறந்தவன்.

கதிரைகளை அன்றைக்கே உடைத்து எறிந்தேன். ரோமன் பிறகு போன் எடுக்கவில்லை.

அடுத்த சனி, லா ஷப்பல் நிலையத்தில் மெட்ரோ ஏறினேன். கதவோரத்து மடிப்பு இருக்கையில் இருந்தேன்.

நாலு மணி.

பக்கத்து இருக்கை இறங்கியது…

எதிரே இருந்த பெண் குனிந்து, பிரெஞ்சில் மெல்லச் சொன்னாள்: “உங்கள் அப்பா நன்றாக நனைந்துவிட்டார். எதையாவது போர்த்திவிடுங்கள்.”

வெளியே நல்ல வெயில்.