ரூபா எழுதிய கணக்குப் பரீட்சை

ரூபாவுக்குக் கல்யாணம் பேசி முடித்தபோது ஆந்திராவின் சத்தியவேட்டில் இன்டர் இரண்டாம் வருஷம், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, படித்துக்கொண்டிருந்தாள். "பரீட்சை மட்டும் எழுதிட்டு வந்துடறேன் நைனா" என்று அப்பாவிடம் கெஞ்சினாள். நைனா காதில் வாங்கவில்லை. சார்புகள் பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு வரதய்யபாளையத்துக்கு மருமகளாக வந்தாள்.

பிறகு ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் செல்போன் போர்டுகளைச் சரிபார்க்கும் வேலை கிடைத்தது. கணவன் மோகன்ராஜ் அதே கம்பெனியின் பஸ்ஸை ஓட்டினான். முப்பது வயது தாண்டியபின் ஒருநாள், யாரையும் கேட்காமல், திறந்தநிலைப் பள்ளியில் இன்டருக்குப் பதிந்துவிட்டு வந்தாள். கூட வேலை செய்கிற சபீனா, "கணக்கு எதுக்குக்கா? சரித்திரம் எடு, சுலபமா பாஸ் ஆவலாம்" என்றாள்.

"விட்டதுதான் வேணும்" என்றாள் ரூபா.

ஆந்திராவில் தமிழில் புத்தகம் கிடைக்கவில்லை. ஊத்துக்கோட்டையிலிருந்து தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தை வரவழைத்தாள். அதில் சார்பு என்றிருந்தது தெலுங்குப் புத்தகத்தில் பிரமேயம். இங்கிலீஷில் எழுதும் பரீட்சையிலோ அவள் ஃபங்ஷன் என்று எழுதவேண்டும். கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தாள். நேர்மாறு சார்பு அவளை ஆட்டிவைத்தது. எத்தனையோ கோணங்களுக்கு ஒரே சைன் மதிப்பு வரும்போது, திரும்பிப் போகையில் எந்தக் கோணத்தைச் சொல்வது? எல்லைக்குள் இருக்கிற ஒன்றைத்தான் சொல்லவேண்டும் என்று பிடிபட்ட காலையில் அவள் இறங்கவேண்டிய இடத்தில் இறங்கவில்லை. மோகன்ராஜ் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான். "இன்னா, கலெக்டரம்மா ஆயிட்டியா?"

பரீட்சை மையம் பக்கத்து ஊரில் ஒரு பள்ளிக்கூடம். கணக்குத் தாள் பாதி முடிந்திருந்தது. தண்ணீர் கொண்டுவந்த அட்டெண்டர் அவள் மேசையில் ஒரு காகித மடிப்பை வைத்துக் குனிந்தான். "மோகன் அண்ணன் சொல்லி வச்சிருக்காரு. எழுதிக்க."

ரூபாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் காது கொதித்தது. அந்த மடிப்பைப் பிரிக்காமலே கசக்கிக் கீழே எறிந்தாள். போட்டுக்கொண்டிருந்த கணக்கை அடித்துவிட்டு மறுபடி போட்டாள்.

பறக்கும் படை வந்தது. காகிதம் அவள் காலடியில் கிடந்தது.

"எனக்குன்னு வந்ததுதான் சார், பிரிச்சுக்கூடப் பாக்கல" என்றாள். "அதையும் என் பேப்பரையும் வச்சுப் பாருங்க."

அதிகாரி சீட்டைப் பிரித்து அவள் தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சீட்டில் 2π/3 என்றிருந்த இடத்தில் அவள் π/3 என்று எழுதியிருந்தாள்.

"சீட்டுல இருக்கறது எல்லைக்கு வெளியே போவுது சார். காப்பி அடிச்சிருந்தா அதையேதான எழுதியிருப்பேன்?"

"வேற வேறதாம்மா. ஆனா சீட்டு உன் இடத்துல கெடந்துச்சே. ரூல்னா ரூல்தான்." தாளை வாங்கிக்கொண்டார். பின்வரிசையில் வேறு சீட்டுகளைப் பார்த்து எழுதியவர்கள் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் மோகன்ராஜ் சோற்றில் கைவைத்திருந்தான். கல்யாணமான நாள் முதல் நீங்க என்றே பேசியவள் அன்று தட்டை இழுத்துவைத்துக் கேட்டாள்:

"நீ யாரு எனக்கு பிட்டு அனுப்ப?"

"ஃபெயிலாயிட்டீன்னா அழுவியேன்னு, உனக்காவத்தான்..."

"எனக்காவவா? ஒரு வருசமா எதிர்ல உக்காந்து துன்னுக்கினு இருந்தியே, ஒரு நாளாவது இன்னா படிக்கறேன்னு கேட்டியா? அன்னிக்கு எங்க நைனா எழுத வுடல. இன்னிக்கு எழுதனதப் புடுங்க வச்சுட்ட. அவரு நேரா செஞ்சாரு, நீ பாசம்னு சொல்லி செஞ்ச."

அவன் அழுதிருந்தால்கூட அவளுக்கு இரக்கம் வந்திருக்காது.

தன் தாளைத் திருத்தச் சொல்லி, திருப்பதியில் இருந்த திறந்தநிலைப் பள்ளி ஆபீசுக்கு நடையாய் நடந்தாள். ஒவ்வொரு முறையும் அடுத்த தடவை எழுதச் சொன்னார்கள். ரத்தான தாள் ரத்தானதுதான். அடுத்த தடவைக்குத் திருப்பதியிலேயே மையம் கேட்டு வாங்கினாள். எந்தப் பள்ளிக்கூடம் என்று வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அதிகாலையில் தனியாகப் புறப்பட்டுப் போய், கேட்ட கேள்விகளுக்கெல்லாம் விடை எழுதிவிட்டு வந்தாள். தேறினாள். கணக்கில்தான் மற்ற பாடங்களைவிட அதிக மார்க்.

செய்தி தெரிந்த அன்று மோகன்ராஜ் கம்பெனி வாசல் டீக்கடையில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தான். "நம்ம ரூபா இன்டர் பாஸ். கணக்கு எடுத்துத் தேறிட்டா" என்றான். சபீனாவும் இருந்தாள்.

ரூபா லட்டைத் தொடவில்லை. "பாஸ் ஆனத சொல்றியே, மொத தடவ ஏன் ஆவலன்னும் சொல்லு" என்றாள்.

அவன் லட்டு டப்பாவை மூடினான். பிறகு, தான் அனுப்பிய பிட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான்.